புதுக் கார் ஏன் இத்தனை பெட்ரோல் குடிக்கிறது?



சென்ற இதழில் சமையல் காஸை மிச்சம் பிடிப்பது பற்றி எழுதியிருந்தேன் அல்லவா? அதைப் படித்துவிட்டு வாசகி ஒருவர் இப்படி எழுதியிருக்கிறார்: "சிலிண்டர் நாற்பது நாள் வருகிறதா, ஐம்பது நாள் வருகிறதா என்று பார்க்கச் சொல்கிறீர்கள், சரி. வாசலில் நிற்கிற கார் குடிப்பதை யார் கணக்குப் பார்ப்பது?" அவர்கள் புதுக் கார் வாங்கி ஐந்து மாதம் ஆகிறதாம். லிட்டருக்கு 20 கிலோமீட்டர் என்று சொல்லித்தான் விற்றார்களாம். ஊருக்குள் ஓட்டினால் 11, 12-ஐத் தாண்டவில்லையாம். வீட்டில் தினமும் இதே பேச்சாம்.

நியாயமான கேள்விதான். "கார் சமாச்சாரம் ஆண்கள் பாடு" என்று நாம் ஒதுங்கி நின்ற காலம் போய்விட்டது. பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் விடுவதும், பெரியவர்களை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போவதும் இன்றைக்குப் பல வீடுகளில் பெண்கள்தான். மாதக் கடைசியில் எந்தச் செலவைச் சுருக்கலாம் என்று மண்டையைக் குடைந்துகொள்வதும் நாம்தானே! ஆகவே இந்த இதழில் காரின் பெட்ரோல் கணக்கு.

சாவி யார் கையில்?

என் தங்கை மதுரையில் இருக்கிறாள். அவர்கள் வீட்டில் போன வருஷம் கடன் போட்டுப் புதுக் கார் வாங்கினார்கள். தங்கை முறையாகப் பழகி லைசென்ஸ் எடுத்தவள். பள்ளிக்கூடம், காய்கறிக் கடை, மாமியாரின் கண் பரிசோதனை எல்லாவற்றுக்கும் அவள்தான் ஓட்டுவாள். ரெண்டு மாதம் போயிற்று. அவள் வீட்டுக்காரர் பெட்ரோல் பில்களைக் கையில் வைத்துக்கொண்டு, "நீ ஓட்டுற லட்சணம்தான் இது. அடுத்த மாசத்துல இருந்து பிள்ளைங்களுக்கு ஆட்டோ வச்சுக்கலாம். சாவி என்கிட்டயே இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டார்.

அன்று ராத்திரி எனக்குப் போன் செய்தாள். "பணம் போனாக்கூடப் பரவாயில்லைக்கா. நான் ஓட்டுறதே தப்புங்கிற மாதிரி பேசறாருக்கா" என்று சொல்லும்போதே அவளுக்குத் தொண்டை அடைத்துவிட்டது.

பாருங்கள், லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் என்கிற ஒரே ஒரு எண், ஒரு பெண்ணின் கையிலிருந்து சாவியைப் பிடுங்கப் பார்க்கிறது!

"அழுது என்ன ஆகப்போகுது? மாசம் பூராப் பால் கணக்கு எழுதறேல்ல, அதே மாதிரி காருக்கும் ஒரு நோட்டுப் போடு. நீ பேச வேண்டாம், நோட்டுப் பேசட்டும்" என்று சொன்னேன்.

ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்கள். பெட்ரோல் டாங்கில் போடுவதை அளக்காமல் விடலாமா? அளக்கும் முறை சுலபம். பங்க்கில் டாங்கை நிறைக்கச் சொல்லுங்கள். குழாய் தானாக 'டக்'கென்று முதல் தடவை நின்றதும் போதும் என்று சொல்லிவிட வேண்டும். அதற்கு மேல் விளிம்பு வரை அமுக்கி ஊற்றுவது காருக்கும் நல்லதல்ல, கணக்கும் தப்பும். டிரிப் மீட்டரை சைபருக்குக் கொண்டு வந்துவிட்டு, 300 கிலோமீட்டராவது ஓட்டுங்கள். பிறகு அதே பங்க்கில், அதே மாதிரி முதல் 'டக்' வரை நிரப்புங்கள். ஓடிய தூரத்தை, இப்போது போட்ட லிட்டரால் வகுத்தால் விடை வந்துவிடும். ஒரு தடவை பார்த்து முடிவு கட்டக் கூடாது. மூன்று தடவையாவது பார்க்க வேண்டும். காரின் திரையில் தெரிகிற எண்ணை நம்புவதைவிட இந்தக் கைக்கணக்கு மேல். 500 ரூபாய்க்கு, 1000 ரூபாய்க்கு என்று போடுகிறவர்களுக்கு இந்தக் கணக்கு ஒருநாளும் சரியாக வராது.

தங்கையின் நோட்டில் வந்ததை அப்படியே சொல்கிறேன். முதல் தடவை அவளே மதுரைக்குள் ஓட்டினாள். 312 கிலோமீட்டர், 26.9 லிட்டர். அதாவது லிட்டருக்கு 11.6. ரெண்டாவது தடவை "நீங்களே ஓட்டுங்க" என்று சாவியைக் கொடுத்துவிட்டாள். அவர் ஓட்டியதும் அதே தெருக்கள், அதே பள்ளிக்கூடம். 298 கிலோமீட்டர், 26.6 லிட்டர். லிட்டருக்கு 11.2! மூன்றாவது தடவை தீபாவளி லீவில் மதுரையிலிருந்து போடிக்கு எங்கள் வீட்டுக்கு வந்து, இங்கிருந்து பழனி போய், மதுரை திரும்பினார்கள். பெரும்பாலும் என் தங்கைதான் ஓட்டினாள். 340 கிலோமீட்டர், 18.4 லிட்டர். லிட்டருக்கு 18.5.

அதே கார், அதே பெட்ரோல், அதே கை. ஊருக்குள் 11.6, ஊருக்கு வெளியே 18.5. நோட்டைப் பார்த்துவிட்டு எங்க வீட்டுக்காரர், "என்ன சகலை, 11.6 பெருசா, 11.2 பெருசா?" என்று கேட்டார். அவர் சிரித்துக்கொண்டே, "மதினி பாடம் எடுத்துட்டாங்க" என்றார். சாவி வழக்கமான ஆணியில் மறுபடி தொங்க ஆரம்பித்துவிட்டது.

இந்த நோட்டு இன்னொரு விஷயத்தையும் சொல்கிறது. ஊருக்குள் குறைந்து, நெடுஞ்சாலையில் நன்றாகக் கூடினால் காருக்குக் கோளாறு இல்லை. ரெண்டு இடத்திலும் குறைந்தால்தான் காரைச் சந்தேகப்பட வேண்டும். இதை மனசில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

காகிதத்தில் இருக்கிற எண் எங்கே பிறந்தது?

ஷோரூமில் சொல்கிற 20, 22 எல்லாம் அவர்கள் கற்பனை செய்வதல்ல. புனேயில் ஏ.ஆர்.ஏ.ஐ. என்கிற வாகன ஆராய்ச்சிச் சங்கம் இருக்கிறது. 1966-ல் தொடங்கியது. அதைப் போன்ற அங்கீகாரம் பெற்ற கூடங்களில் சோதித்து வருகிற எண்தான் அது. ஆனால் சோதனை நடப்பது ரோட்டில் அல்ல. காரை உருளைகளின் மேல் நிறுத்தி, நின்ற இடத்திலேயே சக்கரத்தைச் சுழல விடுகிறார்கள். இத்தனை விநாடிக்கு இந்த வேகம் என்று முன்னமே வகுத்த அட்டவணைப்படி ஓட்ட வேண்டும். மொத்தமும் 20 நிமிஷத்துக்குள் முடிந்துவிடும். தூரம் 11 கிலோமீட்டர் கூட வராது. ஊருக்குள் ஓட்டுவது போல ஒரு பகுதி, வெளியே ஓட்டுவது போல ஒரு பகுதி, ரெண்டையும் சேர்த்து ஒரே எண். ஏ.சி. அணைந்திருக்கும். மதுரைச் சித்திரை வெயில் கிடையாது, கோரிப்பாளையம் சிக்னல் கிடையாது, குறுக்கே வருகிற மாடு கிடையாது, பின் சீட்டில் சண்டை போடுகிற பிள்ளைகளும் கிடையாது!

அந்தச் சோதனை எதற்கென்றால், ஒரு காரையும் இன்னொரு காரையும் ஒரே தராசில் நிறுத்துப் பார்க்கத்தான். நம் தெருவில் இத்தனைதான் கிடைக்கும் என்று உறுதி கொடுக்க அல்ல. சமையல் குறிப்பில் "தயாரிக்கும் நேரம் 20 நிமிடம்" என்று போட்டிருப்பார்கள். காய் நறுக்கி, தேங்காய் துருவி, பாத்திரம் தேடி எடுக்கிற நேரம் அதில் சேருமா? அந்த மாதிரிதான் இதுவும்.

ஊருக்குள் ஏன் இத்தனை செலவு?

முதல் காரணம் பிரேக். ஆயிரம் கிலோ எடையை நின்ற நிலையிலிருந்து நகர்த்தி வேகம் கொடுக்கத்தான் பெட்ரோல் அதிகம் எரிகிறது. பிரேக்கை மிதித்தவுடன் அந்த வேகம் அத்தனையும் சக்கரத்தில் சூடாகி வீணாகிறது. அடுத்த சிக்னலில் மறுபடி முதலிலிருந்து. பாலைக் கொதிக்க வைத்து, அணைத்து, ஆறவிட்டு, மறுபடி கொதிக்க வைத்து என்று பத்துத் தடவை செய்தால் காஸ் என்ன ஆகும்? அதேதான்.

ரெண்டாவது, நிற்கும்போது எரிவது. என்ஜின் ஓடிக்கொண்டு கார் நின்றால் லிட்டருக்கு சைபர் கிலோமீட்டர். சிறிய கார் கூட ஒரு மணி நேரம் சும்மா உறுமிக்கொண்டு நின்றால் ஏறக்குறைய அரை லிட்டரிலிருந்து ஒரு லிட்டர் வரை போய்விடும். ஏ.சி. ஓடினால் இன்னும் கூடும். தினமும் பள்ளிக்கூட வாசலில் கால் மணி, சிக்னல்களில் கால் மணி என்று கூட்டிப் பாருங்கள்.

மூன்றாவது, குட்டிக் குட்டிப் பயணம். என்ஜின் சரியான சூட்டுக்கு வர முதலில் சில கிலோமீட்டர் ஆகும். அதுவரைக்கும் பெட்ரோல் கூடுதலாகத்தான் போகும். வீட்டிலிருந்து பள்ளிக்கூடம் ரெண்டு கிலோமீட்டர் என்றால், என்ஜின் சூடாகிச் சுறுசுறுப்பாகும் நேரத்தில் நாம் அணைத்துவிடுகிறோம். தோசைக்கல் காய்கிற வரைக்கும் காஸ் எரித்துவிட்டு, ஒரே ஒரு தோசை வார்த்து அடுப்பை அணைக்கிற கதை.

நாலாவது ஏ.சி. வேகமாகப் போகும்போது ஏ.சி.யின் செலவு நிறையக் கிலோமீட்டருக்குப் பங்கு பிரிந்துவிடும். ஊர்ந்து போகும்போது கொஞ்சம் கிலோமீட்டர்தான், ஆனால் ஏ.சி. அதே நேரம் ஓடுகிறது. அதனால் ஊருக்குள் அதன் பாரம் கூடுதலாகத் தெரியும்.

இவை போதாவென்று பெட்ரோலே கொஞ்சம் மாறியிருக்கிறது. இப்போது பங்க்கில் கிடைப்பது எத்தனால் கலந்த பெட்ரோல். 2023-லிருந்து 20 சதவிகிதம் கலந்தது வர ஆரம்பித்து, 2025-ல் நாடு முழுக்கப் பரவிவிட்டது. எத்தனாலில் பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு சக்தி குறைவு. ஆகவே லிட்டருக்குக் கொஞ்சம் தூரம் குறையத்தான் செய்யும். அதற்கென்றே தயாரித்த புதுக் கார்களில் 1, 2 சதவிகிதம், பழைய கார்களில் 6, 7 சதவிகிதம் வரை குறையலாம் என்று மத்திய அரசின் நிதி ஆயோக் 2021-லேயே அறிக்கையில் சொல்லியிருந்தது. அதாவது 12 ஓடின பழைய கார் 11.2 ஓடலாம். 20 ஓட வேண்டியது 11 ஆனதற்கு இது மட்டும் காரணமாக முடியாது. பக்கத்து வீட்டுக்காரர் எல்லாப் பழியையும் எத்தனால் மேல் போட்டால் நம்ப வேண்டாம்.

இன்னொன்று, புது என்ஜின் பழகச் சில ஆயிரம் கிலோமீட்டர் ஆகும். அதுவரை கொஞ்சம் கூடத்தான் குடிக்கும். முதல் மாதத்துக் கணக்கை வைத்துத் தீர்ப்பு எழுத வேண்டாம்.

எங்கள் மலையில் நடக்கிற வேடிக்கை

எங்க வீட்டுக்காரருக்கு ஏலக்காய் வியாபாரம். போடியிலிருந்து மலைக்குப் போவதும் வருவதும்தான் அவருக்குப் பாதி வாழ்க்கை. முந்தலைத் தாண்டி ஏற ஆரம்பித்தால் கொண்டை ஊசி வளைவுகள் ஒன்றன் பின் ஒன்றாக வரும். போடிமெட்டு சுமார் 4500 அடி உயரம். போடியிலிருந்து 25 கிலோமீட்டர் சொச்சத்தில் 3000 அடிக்கு மேல் ஏறுகிறோம். நாலு பேரோடு ஒரு சின்னக் காரை அந்த உயரத்துக்குத் தூக்குவதற்கு மட்டுமே ஏறக்குறைய ஒன்றரை லிட்டர் ஆகும். தூரம் ஓடுகிற செலவு தனி. ஏறும்போது கணக்குப் பார்த்தால் லிட்டருக்கு 8, 9 கிலோமீட்டர்கூடக் கிடைக்காது. அதே கார் இறங்கும்போது பெட்ரோலைத் தொடவே தொடாது என்று சொல்லலாம்.

இங்கேதான் ஒரு எச்சரிக்கை. மூணாறு பார்க்க வருகிறவர்கள் சிலர், இறக்கத்தில் பெட்ரோல் மிச்சம் பிடிப்பதாக நினைத்து நியூட்ரலில் போட்டு உருள விடுகிறார்கள். தயவு செய்து செய்யாதீர்கள்! உங்கள் வீட்டுக்காரரோ தம்பியோ செய்தால் பக்கத்து சீட்டிலிருந்து தடுத்து நிறுத்துங்கள். நியூட்ரலில் விட்டால் பாரம் பூராவும் பிரேக்கின் மேல் விழும். பிரேக் காய்ந்து சூடேறிப் பிடிக்காமல் போகும். பெட்ரோல் மிச்சமாகும் என்பதும் தப்பு. இந்தக் காலத்துக் கார்களில், கியரில் இருக்கும்போது ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டால் என்ஜினுக்குப் போகிற பெட்ரோல் தானாக நின்றுவிடும். நியூட்ரலில் போட்டால்தான் என்ஜின் அணையாமல் இருக்கப் பெட்ரோல் எரிந்துகொண்டே இருக்கும். "எந்த கியர்ல ஏறுவியோ, அந்த கியர்லதான் இறங்கணும்" என்று எங்கள் ஊர் ஜீப் டிரைவர்கள் சொல்வது உயிருக்கும் நல்லது, பைக்கும் நல்லது. ஆட்டோமேட்டிக் கார் வைத்திருப்பவர்கள், இறக்கத்துக்கு எதைப் போட வேண்டும் என்று காருடன் தருகிற புத்தகத்தில் முதலிலேயே பார்த்துக்கொள்ளுங்கள்.

எதற்குச் சொல்கிறேன் என்றால், ஏற்றத்தில் 8 கிடைக்கிறது என்று இங்கே யாரும் டிரைவரைத் திட்டுவதில்லை. ரோடு அப்படி என்று எல்லோருக்கும் தெரியும். மதுரை, சென்னை, கோவைத் தெருக்களும் ஒரு மலை ஏற்றம் மாதிரிதான். கண்ணுக்குத் தெரியாத ஏற்றம், அவ்வளவுதான்.

நம்மால் என்ன செய்யலாம்?

சிக்னலில் அரை நிமிஷத்துக்கு மேல் நிற்க வேண்டும் என்றால் என்ஜினை அணையுங்கள். 1978-ல் ஏற்பட்ட பி.சி.ஆர்.ஏ. என்கிற மத்திய அரசின் பெட்ரோலியச் சேமிப்பு அமைப்பும் சிக்னலில் என்ஜினை அணைக்கச் சொல்லி வருகிறது. சில புதுக் கார்கள் சிக்னலில் தானே அணைந்து, தானே கிளம்பும். தொந்தரவு என்று அந்த வசதியை அணைத்து வைத்திருக்கிறீர்களா என்று பாருங்கள்.

பள்ளிக்கூட வாசலில் ஏ.சி.க்காக என்ஜினை ஓட விட்டு உட்கார்ந்திருப்பதை அவசியம் நிறுத்துங்கள். பெட்ரோலைவிட முக்கியமான காரணம் ஒன்று உண்டு. காரின் புகைக்குழாய் இருக்கிற உயரத்துக்குப் பக்கத்தில்தான் எல்.கே.ஜி. பிள்ளையின் மூக்கு இருக்கிறது. வரிசையாக இருபது கார் உறுமிக்கொண்டு நின்றால், மணி அடித்து ஓடி வருகிற பிள்ளைகள் அத்தனையும் சுவாசிப்பது அந்தப் புகையைத்தான். இளைப்பு உள்ள குழந்தைகளுக்கு இது ரொம்பக் கெடுதல். மூடின ஷெட்டுக்குள் என்ஜினை ஓட விட்டுக்கொண்டு நிற்பதோ உயிருக்கே ஆபத்து.

காலையில் பத்து நிமிஷம் என்ஜினைச் சூடு பண்ண வேண்டும் என்பது பழைய கார் சாஸ்திரம். இப்போதைய கார்களுக்கு அரை நிமிஷம் போதும். பிறகு முதல் ஒன்றிரண்டு கிலோமீட்டர் நிதானமாகப் போனால் போதும்.

தூரத்தில் சிவப்பு விளக்கு தெரிந்தால் அப்போதே காலை எடுத்துவிடுங்கள். கிட்டே போய் 'சடக்'கென்று பிரேக் போடுவதில் யாருக்கு லாபம்? கிளட்ச் மேல் காலை ஓய்வாக வைத்துக்கொண்டே ஓட்டுவதும் கூடாது. பெட்ரோலும் போகும், கிளட்ச் தட்டும் தேயும்.

டயர் காற்றை மாதம் ரெண்டு தடவை, கார் ஓடிச் சூடாவதற்கு முன் பாருங்கள். எத்தனை இருக்க வேண்டும் என்று டிரைவர் பக்கத்துக் கதவைத் திறந்தால் உள்ளே ஒட்டியிருப்பார்கள். காற்றுக் குறைந்த டயர் தினமும் கொஞ்சம் கொஞ்சமாகப் பெட்ரோலைத் தின்னும். டிக்கியில் போன கல்யாணத்துக்கு ஏற்றின பாத்திர மூட்டை இன்னும் கிடக்கிறதா? இறக்கி வையுங்கள்.

வெயிலில் நின்ற காரில் ஏறினதும் ஏ.சி.யை முழுசாகப் போடாமல், கண்ணாடியை இறக்கி ஒரு நிமிஷம் சூட்டை வெளியேற்றுங்கள். நிழல் பார்த்து நிறுத்துவது அதைவிட நல்லது.

எல்லாவற்றையும்விடப் பெரிய மிச்சம், காரை எடுக்காமல் இருப்பதுதான். மருந்துக் கடை, பேங்க், காய்கறி மூன்றுக்கும் மூன்று தடவை போகாமல் ஒரே சுற்றாக முடியுங்கள். ஒரு கிலோமீட்டருக்கு உட்பட்ட வேலைக்கு நடங்கள். சர்க்கரை, ரத்தக் கொதிப்பு என்று டாக்டரிடம் போனால் அவர் சொல்லப்போவதும் அதுதானே!

இதனால் எத்தனை மிஞ்சும்? மாதம் 600 கிலோமீட்டர் ஊருக்குள் ஓட்டுகிற வீடு என்று வைத்துக்கொள்வோம். பெட்ரோல் லிட்டர் நூறு ரூபாய் என்று வைப்போம். லிட்டருக்கு 11 என்றால் 5455 ரூபாய். அதையே 13 ஆக்கினால் 4615 ரூபாய். மாதம் 800 ரூபாய்க்கு மேல் கையில் நிற்கும். 20 கிடைக்குமா என்றால், ஊருக்குள் கிடைக்காது. 11-ஐ 13 ஆக்குவது நம் கையில் இருக்கிறது.

இனிமேல்தான் கார் வாங்கப் போகிறவர்கள், ஓட்டம் பெரும்பாலும் நகரத்துக்குள் என்றால் அதைச் சொல்லியே விசாரியுங்கள். பேட்டரியும் பெட்ரோலும் சேர்ந்த ஹைபிரிட் கார்களும், மின்சாரக் கார்களும் பிரேக் போடும்போது வீணாகும் சக்தியில் ஒரு பகுதியைப் பிடித்துத் திரும்ப பேட்டரியில் சேர்க்கின்றன. நிற்கும்போது அவை பெட்ரோலும் எரிப்பதில்லை. அதனால் ஊருக்குள் அவை சாதாரணப் பெட்ரோல் காரைப்போல் தவிப்பதில்லை. விலை கூடுதல்தான். உங்கள் மாத ஓட்டத்தை வைத்துக் கணக்குப் போட்டுப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

நிஜமாகவே கோளாறு இருந்தால்?

நோட்டில் நெடுஞ்சாலைக் கணக்கும் குறைவாக வந்தால் சும்மா இருக்காதீர்கள். கொஞ்ச தூரம் ஓட்டி நிறுத்தியதும் ஒரு சக்கரத்தின் பக்கம் மட்டும் அனல் அடிக்கிறதா? பிரேக் பிடித்துக்கொண்டே இருக்கலாம். கையால் தொட்டுப் பார்க்காதீர்கள், சுட்டுவிடும். சமமான ரோட்டில் கார் ஒரு பக்கமாக இழுக்கிறதா? பெட்ரோல் வாடை வருகிறதா? என்ஜின் விளக்கு எரிகிறதா? எதுவானாலும் சர்வீஸில் வாயால் சொல்லிவிட்டு வராமல், வேலைச் சீட்டில் எழுத வைத்து நகல் வாங்குங்கள். டாங்கை நிரப்பி, அவர்கள் ஆள் ஒருவரைக் கூட வைத்துக்கொண்டு ஓட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். நம் கையில் நோட்டும் பில்லும் இருந்தால், "நீங்க ஓட்டுறது சரியில்லம்மா" என்று சொல்லி யாரும் நம்மைத் திருப்பி அனுப்ப முடியாது.

எங்கள் மலைக்கு அந்தப்புறம் கேரளா. அங்கே திருச்சூரைச் சேர்ந்த ஒரு பெண்மணி 2014-ல் ஃபோர்டு கிளாசிக் டீசல் கார் வாங்கினார். விளம்பரத்தில் லிட்டருக்கு 32 கிலோமீட்டர் என்று இருந்தது. அவருக்கு அது கிடைக்கவில்லை. நுகர்வோர் ஆணையத்துக்குப் போனார். நிபுணரை வைத்து ஓட்டிப் பார்த்ததில் 19.6 கிலோமீட்டர்தான் வந்தது. ஏறக்குறைய 40 சதவிகிதம் குறைவு! 2022-ல் திருச்சூர் மாவட்ட ஆணையம் அவருக்கு 3 லட்சத்து 10 ஆயிரம் ரூபாய் கொடுக்கச் சொல்லித் தீர்ப்பளித்தது. எட்டு வருஷத்துப் பொறுமை அது. பெரிய நாடுகளிலும் இது நடந்திருக்கிறது. அமெரிக்காவில் 2012-ல், ஹூண்டாய், கியா கம்பெனிகள் சுமார் 9 லட்சம் கார்களுக்கு மைலேஜைக் கூட்டிச் சொல்லியிருப்பதை அரசின் சோதனை கண்டுபிடித்தது. வாங்கினவர்களுக்கு வித்தியாசப் பணம் கொடுக்க நேர்ந்தது. 2014-ல் 10 கோடி டாலர் அபராதமும் கட்டினார்கள்.

நமக்கும் வழி இருக்கிறது. முதலில் 1915 என்கிற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் கூப்பிட்டுப் பேசலாம். அதிலும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 50 லட்சம் ரூபாய் வரை விலை கொடுத்த பொருளுக்கு அங்கேயே மனு செய்யலாம். 5 லட்சம் வரை கட்டணமே இல்லை. 5 லட்சத்துக்கு மேல் 10 லட்சம் வரை வெறும் 200 ரூபாய். வக்கீல் வைத்துத்தான் ஆக வேண்டும் என்றில்லை. குறை ஏற்பட்ட ரெண்டு வருஷத்துக்குள் மனுச் செய்துவிட வேண்டும், மறக்காதீர்கள். விளம்பரத் தாள், பில், வேலைச் சீட்டு, உங்கள் நோட்டு நாலையும் பத்திரமாக வையுங்கள்.

எழுதிக் கேட்ட சகோதரிக்கு என் பதில் இதுதான்: இன்றைக்கே ஒரு நோட்டுப் போடுங்கள். ஒரு டாங்க் நீங்கள் ஓட்டுங்கள், ஒரு டாங்க் அவர் ஓட்டட்டும், ஒரு டாங்க் வெளியூர் போய் வாருங்கள். அதற்குப் பிறகு கோபப்பட வேண்டியது கார் மேலா, ரோடு மேலா, காலின் பழக்கத்தின் மேலா என்று தானாகத் தெரிந்துவிடும். அதுவரைக்கும் யார் மேலும் பழி வேண்டாம்.

உங்கள் நோட்டில் வந்த எண்களை எனக்கும் எழுதுங்கள். எந்த ஊர், தினம் எத்தனை கிலோமீட்டர், லிட்டருக்கு எத்தனை என்று மூன்று வரி போதும். அடுத்த இதழில், மழைக்காலத்தில் பருப்பு, மிளகாய், ஏலக்காய் பூசணம் பிடிக்காமல் காப்பது எப்படி என்று பார்ப்போம்.